அமரர் ஊர்தி வேலைக்குத் தம்பியை அனுப்பலாமா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இதுவரை பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய தம்பிக்குத் தனியார் அமரர் ஊர்தி ஒன்றில் ஓட்டுநர் வேலை வந்திருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம்தான் ஓட்டம். சம்பளம் பழைய வேலையைவிடக் கூடுதல். அம்மா கூடவே கூடாது என்கிறார். தம்பி போயே தீருவேன் என்கிறான். பயம் வருமா, நோய் ஒட்டுமா, இந்த வேலை ஓர் ஆளிடம் என்னதான் கேட்கும் என்பது அவருடைய கேள்வி.

ஸ்டான்லி மருத்துவமனை வட்டாரத்தில் பல ஆண்டுகள் இந்த வண்டியை ஓட்டியவன் நான். இப்போது வண்டிகளை அனுப்பிவைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் ஓட்டுநரோடு வேலை தெரிந்த உதவியாளர் ஒருவரும் வண்டியில் வருவார் என்றால் மட்டும். தனி ஆளாக அனுப்புகிற இடம் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதை விளக்கினாலே வேலையின் தன்மை பெரும்பாலும் விளங்கிவிடும்.

இதை ஓட்டுநர் வேலை என்று சொல்லித்தான் ஆள் எடுக்கிறார்கள். ஓட்டுவது இதில் கால் பங்குகூட இருக்காது. மீதி நேரமெல்லாம் தூக்குவது, இறக்குவது, காத்திருப்பது. வியாசர்பாடியில் பழைய வாரியக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் ஒருவர் ஏறினால் எதிரில் வருபவர் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். திருப்பத்தில் தண்ணீர்க் குடங்கள், யாரோ சாத்திவைத்த சைக்கிள். உயிருள்ள நோயாளியைத் தூக்கும்போது அவர் நம் தோளைப் பற்றிக்கொள்வார், தன் உடம்பைக் கொஞ்சமாவது தாங்கிக் கொடுப்பார். இறந்தவரின் எடை முழுவதும் நம் கைக்கு வந்துவிடும். இறங்கும்போது கால் பக்கம் முன்னே போக வேண்டும், தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். தலை தாழ்ந்தால் வயிற்றிலும் நுரையீரலிலும் தேங்கிய நீர் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியே வந்துவிடும். மகளோ பேத்தியோ அழுதுகொண்டு பின்னாலேயே இறங்கி வருவார்கள்; அவர்கள் கடைசியாகப் பார்க்கும் முகம் அது. ஸ்ட்ரெச்சரின் வார்கள் மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் இறுகியிருக்க வேண்டும். திருப்பம் வந்ததும் இரண்டு பேரும் ஒரே மூச்சில் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்குத் தூக்கி, சுவருக்கு மேலாகத் திருப்பி, மறுபடியும் இறக்க வேண்டும். இதைப் பழகாத ஒருவரோடு செய்ய முடியாது.

உரிமையாளர்கள் சிலர், “சொந்தக்காரர்கள் நான்கு பேர் கை கொடுப்பார்கள், உதவியாளர் எதற்கு?” என்று கேட்பார்கள். கை கொடுப்பார்கள், உண்மைதான். அழுது ஓய்ந்து, இரவெல்லாம் தூங்காமல், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் நிற்பவர்களின் கை அது. பாதிப் படியில் மகன் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டால் பாரம் முழுவதும் ஓட்டுநரின் முதுகில் இறங்கும். இந்தத் தொழிலில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது பேயும் அல்ல, பயமும் அல்ல. முதுகுத் தண்டுதான்.

உடல் விறைப்பதைப் பற்றியும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையும் கழுத்தும் விறைக்கத் தொடங்கும். ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் விறைத்து, பிறகு அதே வரிசையில் தளர ஆரம்பிக்கும். நம் ஊர் வெயிலில் எல்லாமே இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் உயிர் பிரிந்த கையோடு கண்ணை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். தனியாக இருந்த ஒருவர் இரவில் நாற்காலியிலேயே இறந்து, காலையில்தான் அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள் என்றால் அந்த நிலையிலேயே விறைத்திருப்பார். கையையும் காலையும் வலிந்து நீட்டக் கூடாது. உறவினரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மூட்டு மூட்டாக மெதுவாக அசைத்துத் தளர்த்திப் பார்க்கலாம். இடம் கொடுக்கவில்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்தே கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டு அழுத்துகிறவனை நான் வண்டியில் ஏற்றுவதில்லை.

வட சென்னை ஓட்டத்தில் கடலும் தண்டவாளமும் சேர்ந்தே வரும். காசிமேட்டிலோ எண்ணூர்க் கரையிலோ ஒதுங்கியவர்கள், பேசின் பாலம், கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயிலில் அடிபட்டவர்கள். இவர்களுக்காகப் போலீஸார் வண்டி கேட்டுக் கூப்பிடுவார்கள். தண்ணீரில் ஓரிரு நாள் கிடந்தவரின் கையைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் கையுறைபோல முழுதாகக் கழன்று வந்துவிடும். கைரேகை அந்தத் தோலில்தான் இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவரை அவர் குடும்பத்திடம் சேர்ப்பதற்குச் சில சமயம் அது ஒன்றுதான் வழி. ஆகவே கையையோ காலையோ பிடிக்காமல், பக்கவாட்டில் சற்றே புரட்டி, கெட்டித் துணியை அடியில் செருகி, துணியோடு சேர்த்துத் தூக்க வேண்டும். உடுப்பைச் சரிசெய்கிறேன், மணலைக் கழுவுகிறேன் என்று இறங்கக் கூடாது. தூக்கில் தொங்கியவர் என்றால் கயிற்று முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது. அந்த முடிச்சு ஒரு சாட்சி. மருத்துவர் பார்க்க வேண்டியதை நம் கை கலைத்துவிடக் கூடாது.

அடுத்தது காகிதம். இதில் கவனக்குறைவாக இருந்தால் நல்லெண்ணத்தோடு உதவப் போனவரே வழக்கில் மாட்டுவார். நோயால் வீட்டில் இறந்தவருக்கு, கடைசியாகப் பார்த்த மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்று படிவம் 4ஏ. மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4. மயானத்தில் முதலில் கேட்பது இதைத்தான். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் போய், சாவு எப்படி நேர்ந்தது என்று போலீஸார் செய்யும் பிரேத விசாரணை நடந்து, பிறகுதான் மருத்துவர் செய்யும் பிரேதப் பரிசோதனை. இந்த விசாரணையை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. “போலீஸ் கேஸ் ஆனால் குடும்ப மானம் போய்விடும் தம்பி, இருட்டுக்குள் நேராக மயானத்துக்குப் போய்விடலாம்” என்று யாராவது கெஞ்சுவார்கள், பணமும் நீட்டுவார்கள். அந்தச் சாவியைத் திருப்பவே கூடாது. தெரிந்தே போனால் சாட்சியத்தை மறைக்கத் துணைபோன குற்றம் ஓட்டுநர் மேலும் விழும்.

பிணவறை வாசலில் காத்திருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று அனுமதித்தது. கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்குப் பொதுவாக அந்த அனுமதி இல்லை. வாசலில் நிற்கும் குடும்பங்களில் பல இந்த வகைதான். மாலையில் இறந்த பையனுக்கு மறுநாள்தான் பரிசோதனை என்றால், இரவு முழுவதும் அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். விசாரணை அதிகாரி வரவில்லை, காகிதத்தில் ஒரு கையெழுத்து இல்லை என்று நேரம் நீள நீள, கோபம் முழுவதும் எதிரில் நிற்கும் ஓட்டுநர் மேல் பாயும். பதில் பேசாமல் நிற்கத் தெரிய வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி அந்த அம்மாவின் கையில் கொடுக்கத் தெரிய வேண்டும். உடலை வெளியே கொண்டுவரும்போது சீட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும். உறவினர் ஒருவர் முகத்தைப் பார்த்து ‘ஆம், இவர்தான்’ என்று சொல்லாமல் வண்டிக் கதவைச் சாத்தக் கூடாது. உடல் மாறிப்போய்ப் பாதி வழியில் தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாவது சாவு. மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் எதையும் நாம் தொடக் கூடாது. வீட்டில் இறந்தவர் என்றால் உறவினரே நாலு பேர் பார்க்கக் கழற்றட்டும். போலீஸ் வழக்கு என்றால் போலீஸார் பட்டியல் எழுதிக் கழற்றுவார்கள்.

பணத்தைப் பற்றி மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். 108 ஆம்புலன்ஸ் இறந்தவரை ஏற்றாது. அது உயிரோடு இருப்பவர்களுக்கானது. அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. மருத்துவமனை வாசலில் தரகர்கள் முதலில் மறைப்பது இந்த எண்ணைத்தான். நான் ஓட்டிய காலத்தில் ஒரு மருத்துவமனை வாசலில், சாவுத் தகவலைச் சொல்கிற ஆளுக்கு ஒவ்வொரு சவாரியிலும் பங்கு கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பங்கு கடைசியில் யார் தலையில் விழும்? தாலியை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கிற பெண்ணின் தலையில். தம்பி சேருகிற இடத்தில் கட்டணம் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும், காத்திருப்புக் கட்டணம் உட்பட. இல்லாதவர்கள் வந்தால் இலவச எண்ணைச் சொல்லி அனுப்புகிற மனம் அவனுக்கு வேண்டும். அதனால் சவாரி குறையாது. அந்தத் தெருவில் அடுத்து யாருக்கு வண்டி தேவைப்பட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

நோயைப் பற்றிய அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது, ஆனால் பயப்பட வேண்டியது எதற்கு என்பது பலருக்குத் தெரிவதில்லை. இறந்த உடலைத் தொட்டாலே நோய் வந்துவிடாது. ரத்தமும் உடல்நீரும்தான் ஆபத்து. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாளுக்குக் குறையாமல் உயிரோடு இருக்கக்கூடியது. அதற்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. சேர்வதற்கு முன்பே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், டெட்டனஸ் ஊசியையும். காசநோயால் இறந்தவரைத் தூக்கும்போது நெஞ்சு அழுந்தி, நுரையீரலில் தங்கிய காற்று வெளியே வரும்; அதனால் முகத்தில் துணி போட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும், நமக்கும் முகக்கவசம் வேண்டும். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் ஸ்ட்ரெச்சரையும் வண்டித் தரையையும் ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்க வேண்டும். வெறும் ஃபினாயில் மணம் போதாது. கையுறையோடு ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது பாதுகாப்பே இல்லை, அழுக்கை முன் இருக்கைக்குக் கொண்டுவருகிற வேலை. தூக்கி முடித்ததும் கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கொரோனா காலத்தில் பயம் எப்படி வெறியாக மாறும் என்பதையும் இந்த நகரம் பார்த்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப் போனபோது கூட்டம் கூடி வண்டியைக் கல்லால் அடித்தது. வண்டியில் போனவர்கள் காயப்பட்டார்கள். அவருடைய சக மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் திரும்பப் போய் மண்ணள்ளிப் போட்டுப் புதைத்தார். அதே மாதம் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, இப்படித் தடுப்பவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அறிவித்தது. அன்று வண்டியை விட்டு ஓடாமல் நின்ற ஊழியர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

சாலையைப் பொறுத்தவரை, பார்சல் வேன் ஓட்டியவருக்குப் பாதி பழக்கம் இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பதும், மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புவதும் அவருக்கே தெரியும். சைரன் போட்டு வழி கேட்க நமக்கு உரிமை இல்லை. உள்ளே இருப்பவருக்கு அவசரமும் இல்லை. புதிதாகப் பழக வேண்டியது ஊர்வலம். பறை முன்னே போக, மரண கானா பாட, பட்டாசு வெடிக்க, முதல் கியரில் கிளட்சைப் பாதி அழுத்தியபடியே ஒரு மணி நேரம் நகர வேண்டியிருக்கும். வண்டியின் முன்னால் நெருக்கி ஆடுகிறவர்களில் பலர் குடித்திருப்பார்கள். ஒரு கண் பக்கக் கண்ணாடியிலேயே இருக்க வேண்டும், குழந்தைகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் பூப் பொறுக்க ஓடிவருவார்கள். சனிக்கிழமை என்றால் ‘சனிப் பிணம் தனிப் போகாது’ என்று கோழிக்குஞ்சைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். மறுக்க வேண்டாம். அவர்கள் நம்பிக்கை அது, நாம் அதற்கு இடம் ஒதுக்கினால் போதும். கிறிஸ்தவர் வீட்டில் ஜெபம் முடியும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பதும், முஸ்லிம் வீட்டில் தாமதமே இல்லாமல் வந்து சேர்வதும் அப்படித்தான்.

மணலி, மாதவரம் பக்கம் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் இறந்தால் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு வரை ஓட்டம் வரும். உடலைப் பதப்படுத்திய சான்று, இறப்புச் சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, முத்திரையிட்ட பெட்டி, இவற்றில் ஒன்று குறைந்தாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கூட வருபவர் பெரும்பாலும் அதே அறையில் தங்கிய ஒரு பையனாக இருப்பான். தமிழ் தெரியாது, விமானத்தில் ஏறியதும் இல்லை. காகிதங்களை வரிசைப்படுத்தி அவன் கையில் கொடுத்து, பெட்டி உள்ளே போகும்வரை நிற்க வேண்டும். இது கட்டணத்தில் சேராத வேலை. என் ஆட்கள் இதைச் செய்கிறார்களா என்று நான் விசாரிக்காத நாள் இல்லை.

மனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயதானவர்களின் சாவு ஓட்டுநரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. குழந்தைகள்தான் செய்வார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது, புளியந்தோப்புப் பெற்றோருக்கு இறந்த பச்சைக் குழந்தையை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்த செய்தி வந்து, பிணவறை ஊழியர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஒரு வெள்ளைத் துணிக்கு எவ்வளவு செலவு ஆகிவிடும் என்று எனக்கு அன்று ஆத்திரமாக வந்தது. எங்கள் வண்டி ஒவ்வொன்றிலும் துவைத்து மடித்த வெள்ளைத் துணி எப்போதும் இருக்கும். குழந்தையை ஸ்ட்ரெச்சரில் கிடத்துவதில்லை. துணியில் சுற்றி, தகப்பன் மடியிலேயே கொடுத்துவிடுவோம். அப்படிப்பட்ட சவாரிக்கு மறுநாள் ஓட்டுநருக்கு நான் ஓட்டம் போடுவதில்லை. குடியில் போய் ஒளிந்துகொண்டவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர், அவர்களை யாரும் ஒரு வார்த்தை விசாரிக்காததுதான் காரணம். தம்பி வேலை முடிந்து வந்தால், ‘குளித்துவிட்டு உள்ளே வா’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கு யார், எந்த ஊர் என்று கேளுங்கள்.

அம்மாவின் மறுப்புக்குப் பின்னால் நோய்ப் பயம் மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். பிணம் தொடுகிற வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் சில சாதிகளின் தலையில் கட்டி, செய்தவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்திய ஊர் இது. பெண் கொடுப்பார்களா, வாடகைக்கு வீடு கொடுப்பார்களா என்பதுதான் அம்மாவின் உண்மையான கேள்வியாக இருக்கும். இரண்டிலும் சங்கடம் வரலாம். எங்கள் ஆட்களில் ஒருவர், வீட்டுக்காரர் பேச்சைத் தாங்க முடியாமல் வீடு மாற்றியிருக்கிறார். அம்மாவிடம் இதை மறைக்க வேண்டாம். கூடவே, அந்த வீட்டுக்காரரின் தாயார் இறந்தபோது நள்ளிரவில் கூப்பிட்டது அவரைத்தான் என்பதையும், அவர் மறுபேச்சில்லாமல் போனார் என்பதையும் சொல்லுங்கள்.

சேருவதற்கு முன் தம்பி உரிமையாளரை நேரில் பார்த்து, உதவியாளர் யார் என்று பெயரோடு கேட்கட்டும். தடுப்பூசிச் செலவு யாருடையது, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டா, இரவு முழுவதும் ஓட்டியவரைக் காலையில் மறுபடியும் கூப்பிடுவார்களா என்றும் கேட்கட்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்க வேண்டும், சிறிய இடம் என்றால் விபத்துக் காப்பீடாவது அவர் பெயரில் எடுத்திருக்க வேண்டும். வண்டியின் பின்கதவைத் திறந்து பார்க்கட்டும்: வார் அறுந்த ஸ்ட்ரெச்சரும் வறண்டுபோன கிருமிநாசினி டப்பாவும் கிடந்தால் வேறு இடம் தேடலாம். எல்லாம் சரியாக இருந்தால், முதல் சில வாரங்கள் பழைய ஓட்டுநர் ஒருவரோடு உதவியாளராகவே போகட்டும். ஸ்டீயரிங் அதற்குப் பிறகு.